செவ்வாய்க்கிழமை 10:42

புதன்கிழமை. காலை 6:30.

மருந்துக்கடை அம்மா மாடியறைக்குப் போய்க் கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினாள். வழக்கமாகத் திரையில் இரண்டு வரிகள் வரும். மேல் வரி லினக்ஸ், கீழ் வரி விண்டோஸ்; ஒரே கம்ப்யூட்டருக்குள் தனித்தனியாக இயங்கும் இரண்டு அமைப்புகள். மேல் வரியைத் தேர்ந்தெடுத்தால் அவள் கணவர் அமைத்து வைத்த பக்கம் திறக்கும். அதில் அன்றைய குறுக்கெழுத்துப் போட்டி காத்திருக்கும்.

அன்று இரண்டு வரிகளும் வரவில்லை. கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒற்றை வரி மட்டும் வந்தது. டிஸ்க்கில் அப்படி ஒரு பார்ட்டிஷன், அதாவது பகுதி, இல்லை என்றது அது. அதற்குக் கீழே ஒரு சிறு கோடு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

மூன்று முறை அணைத்துப் போட்டாள். மூன்று முறையும் அதே வரி.

கணவர் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. முப்பது வருடம் அந்தத் தீவின் தமிழ்ப் பத்திரிகைகளுக்குக் குறுக்கெழுத்துப் போட்டி தயாரித்தவர். டாக்டர் கையை விரித்த பிறகு பத்திரிகைகளையெல்லாம் விட்டுவிட்டு ஒரே ஒரு வாசகிக்காகத் தயாரித்தார். அவர் இல்லாத நாட்களில் நாளைக்கு ஒன்று வீதம் திறக்கும்படி ஒரு புரோகிராமும் எழுதி வைத்தார். கட்டத்தில் சரியான எழுத்தைப் போட்டால் அது பச்சையாகும். தப்பாகப் போட்டால் வெள்ளையாகவே இருக்கும்.

குறிப்புகள் ஊருக்குப் புரியாது. 'கோபம் வந்தால் இங்கே உப்பு கூடும் (5)' என்றிருந்தால் சமையலறை. '"இதோ அஞ்சு நிமிஷம்" என்று அவள் சொன்னால் ஆவது (2, 2)' என்றிருந்தால் ஒரு மணி. தினமும் காலையில் அந்த அறையிலிருந்து ஒரு சிரிப்பு கேட்கும். ஏழு மாதமாக அந்த வீட்டில் நாள் அந்தச் சிரிப்பில்தான் விடிந்தது.

புதன்கிழமை சிரிப்பு கேட்கவில்லை. எட்டரை மணிக்கு வேறு சத்தம் கேட்டது.

"போட்டோவுக்கு இடம் பத்தலை, இடம் பத்தலைன்னு நீங்கதானே மாப்பிள்ளை புலம்பிக்கிட்டிருந்தீங்க?"

"அத்தை, புலம்பினேன். ஆனா தொடலை."

"அப்போ தானா போயிடுச்சா?"

மகள் படியில் நின்றுகொண்டிருந்தாள்.

*

காலை 10:10.

ரிப்பேரக்கா ஸ்கூட்டரைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வந்தாள். இரண்டு தெரு தள்ளிக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவள். நாற்பத்தைந்து வயது. பல்லில் ஊக்கைக் கடித்துக்கொண்டு பேசுவதுபோல வார்த்தையைச் சிக்கனமாக விடுவாள். கம்ப்யூட்டரைவிட அதைத் தொட்ட மனுஷனைத்தான் அவள் முதலில் பிரித்துப் பார்ப்பாள் என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள்.

"தெருவைத் தோண்டினவங்க கேபிளையும் சேர்த்து வெட்டிட்டாங்க போல" என்றபடி செருப்பைக் கழற்றினாள்.

"ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் போன நெட். இன்னைக்கு ஒன்பது மணிக்குத்தான் வந்துச்சு" என்றாள் அம்மா. "அதை விடு. நாளைக் காலைக்குள்ள கிடைச்சிருமா?"

"நாளைக்கு என்ன?"

அம்மா மாடிப்படியைக் கைகாட்டினாள். ரிப்பேரக்காவும் வற்புறுத்தவில்லை.

"காலையிலேர்ந்து யாராவது எதையாவது இன்ஸ்டால் பண்ணினீங்களா? காப்பி பண்ணினீங்களா?"

"யாரும் தொடலை."

"நல்லது. இனியும் தொடாதீங்க."

பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துச் செருகி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பினாள். டிஸ்க்கின் படம் திரையில் வந்தது. இடது பக்கம் விண்டோஸ் இருந்தது. வலது பக்கம் இருக்க வேண்டிய பாதி, சுவர் இடித்த மனை மாதிரி வெறுமையாகக் கிடந்தது.

"அப்டேட் ஆகியிருக்குமோ?" என்று கேட்டார் மாப்பிள்ளை. கல்யாண வீடுகளில் போட்டோ எடுப்பவர். முந்தின நாள் ஷேவ் செய்ய மறந்த முகம். "ஏதாவது அப்டேட் வந்து இப்படி ஆகும்னு கேள்விப்பட்டிருக்கேன்."

"அப்டேட் வந்தா சில சமயம் வாசல் மாறும் தம்பி. நேரா விண்டோஸுக்குள்ள போயிடும், அவ்வளவுதான். அறையை இடிக்காது. இது கையால பண்ணினது."



பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு, எதிலிருந்து கிளம்ப வேண்டும் என்று கேட்கும் பூட் மெனுவில் விண்டோஸைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனாள். வைஃபை ஒட்டிக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு திரையின் மூலையிலிருந்த கடிகாரத்தையும் தன் கைக்கடிகாரத்தையும் ஒப்பிட்டாள். இரண்டிலும் 10:36. கம்ப்யூட்டர் தனக்கு நடப்பதையெல்லாம் எழுதி வைக்கும் குறிப்பேட்டைத் திறந்து மேலும் கீழும் உருட்டினாள்.

"செவ்வாய்க்கிழமை 10:41க்கு டிஸ்க்கைப் பிரிக்கிற கருவியைத் திறந்திருக்காங்க. 10:42க்கு லினக்ஸ் பார்ட்டிஷன் போயிருக்கு. 10:47க்கு மூடியிருக்காங்க." நிமிர்ந்தாள். "நேத்துக் காலையில வீட்டுல யார் இருந்தது?"

அம்மா மாப்பிள்ளையைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றார் மாப்பிள்ளை.

*

காலை 10:50.

ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டாள். முதலில் மாப்பிள்ளை.

"எத்தனை மணிக்கு உட்கார்ந்தீங்க?"

"ஒன்பது. ஒரு ஆல்பம் முடிக்க வேண்டியிருந்தது."

"எழுந்தது?"

"பதினொன்றரை. அப்புறம் ஸ்டூடியோவுக்குப் போயிட்டேன். ராத்திரி எட்டு மணிக்குத்தான் வந்தேன்."

"நடுவுல வேற யாராவது வந்தாங்களா?"

"இல்லை. அக்கா, நான் பொய் சொல்றதா இருந்தா யாரோ வந்தாங்கன்னு சொல்லியிருக்க மாட்டேனா?"

"ஒரு சின்ன சந்தேகம். அந்த ஆல்பத்தைக் காட்டுங்க."

அவர் ஃபோல்டரைத் திறந்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரையைப் பார்க்கும் மனநிலையில் அவர் இல்லை. ரிப்பேரக்கா ஃபைல்களின் பெயரையும் சேமித்த நேரத்தையும் நோட்டில் குறித்துக்கொண்டாள். எல்லாம் செவ்வாய்க்கிழமை தேதி. முதலாவது 5:20, கடைசி 7:24.

அடுத்து அம்மா.

"ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்தேன். ராத்திரி எட்டரைக்கு மூடினேன். கடையில ரெண்டு பொண்ணுங்க வேலை பார்க்கிறாங்க, கேட்டுக்கோ. காலையில ஆறரைக்குப் போட்டி போட்டேன், ஏழே காலுக்கு அணைச்சேன். அதுவரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருந்தது."

"உங்களுக்கப்புறம் தம்பிதான் போட்டாரா?"

"அவர்தான். நான் வீட்டை விட்டுக் கிளம்பினப்போதான் பல்லே தேய்ச்சுக்கிட்டிருந்தார். எட்டு மணிக்கு முன்னாடி கூரையே பிய்ஞ்சு விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டார்." குரல் இறங்கியது. "நல்ல மனுஷர்தாம்மா. ஆனா என்னால இதைத் தாங்க முடியலை."

கடைசியில் மகள். பல் டாக்டரிடம் முன்பதிவு மேஜையில் வேலை பார்ப்பவள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"எட்டு மணிக்குக் கிளம்பினேன். செவ்வாய்க்கிழமை எனக்கு அரைநாள்தான். ஒன்றரைக்கு வந்தேன். அதுக்கப்புறம் வீட்டுலதான்."

"உங்க வீட்டுக்காரர் செஞ்சிருப்பார்னு நினைக்கிறீங்களா?"

"தெரியலை" என்றாள். பிறகு அவசரமாக, "செஞ்சிருக்க மாட்டார்" என்றாள்.

"அப்பாவோட பக்கத்துக்குள்ள போக பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?"

"அம்மாவுக்கு. எனக்கும் தெரியும். சின்ன வயசுல அப்பா என்னைக் கூப்பிட்ட பேருதான் அது."

*

காலை 11:20.

ரிப்பேரக்கா மறுபடி பென்டிரைவிலிருந்து கிளப்பி, டிஸ்க்கின் வெறுமையான பாதியைத் துழாவும் வேலையை ஓடவிட்டாள். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"எல்லாம் அழிஞ்சு போயிருக்குமா?"

"பார்ட்டிஷனை அழிச்சா உள்ளே இருக்கிறது உடனே அழியாதும்மா. வாசல்ல இருக்கிற பெயர்ப் பலகையைத்தான் கழட்டியிருக்காங்க. வீடு எங்கே ஆரம்பிச்சு எங்கே முடியுதுன்னு கண்டுபிடிச்சா பலகையைத் திரும்ப மாட்டிடலாம். அந்த இடத்துல வேற யாரும் குடி வந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

அம்மா திரையில் ஊரும் எண்களைப் பார்த்தாள்.

"அவர் இருந்தப்போகூட நான் இப்படி அவருக்காகக் காத்துக்கிட்டு உட்கார்ந்ததில்லை" என்றாள். "சாப்பிட வாங்கன்னு பத்து தடவை கத்துவேன். இந்தா வரேன்னு சொல்லிட்டு ஏதாவது ஒரு வார்த்தைக்குப் பின்னாடி போயிடுவார். எனக்கு எரிச்சல் எரிச்சலா வரும். இப்போ ஆறு மணிக்கே முழிப்பு வந்துருது. ஆறரை வரைக்கும் படுத்தே கிடக்கிறேன். சீக்கிரம் போட்டா சீக்கிரம் முடிஞ்சிரும் இல்லையா."

கீழே இழுப்பறைகள் திறந்து மூடும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை கேமராப் பையில் துணிகளை அடைத்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்கு அவர் குடி வந்ததே மாமனார் போன பிறகு, அத்தை தனியாக இருக்கக் கூடாது என்றுதான். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அன்று அதை யாரும் சொல்லவில்லை.

ரிப்பேரக்கா நோட்டைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் பென்சில் நின்றது. 5:20. 7:24. எட்டு மணிக்கு முன்னாடி எழுந்திரிக்காத மனுஷன். ஆறரையிலிருந்து ஏழே கால் வரைக்கும் இதே நாற்காலியில் அம்மா.

பென்சிலால் நெற்றியைத் தட்டிக்கொண்டாள்.

"அம்மா, நெட் எப்போ போச்சுன்னு சொன்னீங்க?"

"ஞாயிறு சாயந்திரம்."

"இன்னைக்கு ஒன்பது மணிக்கு வந்தது."

"ஆமா. அதுக்கும் இதுக்கும் என்ன?"

திரையில் ஒரு வரி பச்சையாகத் தெரிந்தது. வீட்டின் எல்லைகள் கிடைத்துவிட்டன.

*

பகல் 12:45.

பார்ட்டிஷன் பட்டியலில் பழைய எண்களைத் திரும்ப எழுதினாள். கிளம்பும்போது அந்த இரண்டு வரிகளையும் காட்டும் பூட் லோடரைப் புதிதாகப் பதித்தாள். பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு மறுபடி கிளப்பியபோது, கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வந்து நின்றன. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரிப்பேரக்கா மேல் வரிக்குப் போகவில்லை. கீழ் வரியைத் தேர்ந்தெடுத்து, விண்டோஸின் குறிப்பேட்டில் ஒரே ஒரு இடத்தைத் தேடிப் பார்த்தாள். இருந்தது. பிறகு மூன்று பேரையும் மாடியறைக்குக் கூப்பிட்டாள். மாப்பிள்ளை தோளில் பையோடு வந்தார்.

"நானே செஞ்சதா வெச்சுக்கங்க அக்கா" என்றார். "எனக்கு அலுத்துப் போச்சு."

"உட்காருங்க தம்பி. நீங்க செய்யலை."

யாரும் உட்காரவில்லை.

"இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு. கரண்ட் இல்லைன்னாலும் ஓடும். லினக்ஸ் அதுல உலகப் பொது நேரத்தை வெச்சுக்கும். இந்தியா மாதிரி அஞ்சரை இல்லை, நம்ம தீவோட நேரம் அதைவிட நாலு மணி முன்னாடி. அதைக் கூட்டித்தான் நமக்குக் காட்டும். விண்டோஸுக்கு அந்தப் பழக்கம் இல்லை. உள்ளே என்ன இருக்கோ அதையே நம்ம ஊர் நேரம்னு எடுத்துக்கும். ஒரே கடிகாரத்தை ரெண்டு பேரும் ரெண்டு விதமாப் படிக்கிறாங்க."

"ஆனா இதுவரைக்கும் தப்பா காட்டினதே இல்லையே" என்றார் மாப்பிள்ளை.

"நெட் இருந்தா விண்டோஸ் வெளியில விசாரிச்சு உடனே திருத்திக்கும். உங்க கண்ணுக்கே தெரியாது. மூணு நாளா நெட் இல்லை. நேத்து நீங்க வேலை பார்க்கிறப்போ மூலையில மணி பார்த்தீங்களா?"

"திரை முழுக்கப் படத்தை விரிச்சு வெச்சிருப்பேன். மணியெல்லாம் ஃபோன்லதான்."

"நீங்க காலையில அஞ்சு இருபதுக்கு ஆல்பம் செஞ்சதா இந்தக் கம்ப்யூட்டர் சொல்லுது. அந்த நேரத்துல நீங்க எந்த ஜென்மத்துலயாவது எழுந்ததுண்டா? ஏழு மணிக்கு இங்கே அம்மா உட்கார்ந்திருந்தாங்க. ரெண்டு பேரும் ஒரே நாற்காலியில உட்கார முடியாது." நோட்டை நீட்டினாள். "நாலு மணியைக் கூட்டுங்க. ஒன்பது இருபதுலேர்ந்து பதினொண்ணு இருபத்து நாலு. நீங்க சொன்ன நேரம் அப்படியே வருது."

"நீ இன்னைக்குப் பார்த்தப்போ மணி சரியாத்தானே இருந்தது?" என்றாள் அம்மா.

"அதுதான் என்னையும் ஏமாத்திச்சு. நான் மூலையைப் பார்க்கிறதுக்குள்ள நெட் வந்து திருத்திட்டுப் போயிருக்கு. ஆனா திருத்தினதையும் எழுதி வெச்சிருக்கு." திரையில் ஒரு வரியைத் தொட்டாள். "இன்னைக்குக் காலையில நேரம் 6:35லேர்ந்து 10:35க்கு மாத்தப்பட்டதுன்னு இருக்கு. அப்போ நேத்து 10:42ன்னு எழுதினது காலை பத்தே முக்கால் இல்லை. மத்தியானம் ரெண்டு நாற்பத்திரண்டு."

மாப்பிள்ளையின் தோளிலிருந்து பை மெதுவாகக் கீழே இறங்கியது.

"மத்தியானம் அம்மா கடையில. தம்பி ஸ்டூடியோவுல. அரைநாள் லீவுல வீட்டுல இருந்தது ஒருத்தர்தான்" என்றாள் ரிப்பேரக்கா. மகளின் பக்கம் திரும்பி, குரலைத் தணித்தாள். "ஏம்மா?"

மகள் சுவரில் சாய்ந்தாள்.

"அப்பாவோட பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எத்தனை பாக்கி இருக்குன்னு பார்க்கத்தான் போனேன். மொத்தம் இருநூற்றுப் பதின்மூணு. நாளையோட முடியுது. அந்தக் கடைசியில..." தலைப்பை விரலில் இறுகச் சுற்றினாள். "கட்டம் மட்டும்தான் இருக்கு. ஒரு குறிப்புகூட இல்லை. அப்பாவால முடியலை. அதுக்குள்ள போயிட்டார்."

மகள் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"முடிஞ்சு போச்சுன்னு நீ பார்க்கக் கூடாதுன்னு நினைச்சேன்மா. தொலைஞ்சு போச்சுன்னா, இன்னும் எத்தனையோ இருந்திருக்கும்னு நினைச்சுக்கிட்டே இருக்கலாம் இல்லையா? அப்டேட்ல போச்சுன்னு நீ நம்பிடுவேன்னு நினைச்சேன். இவர் மேல விழும்னு எனக்குத் தோணவே இல்லை."

"விழுந்தப்போ?" என்றார் மாப்பிள்ளை. "காலையிலேர்ந்து என்னைக் கேட்கிறாங்க. நீ படியில நின்னு பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே?"

"வாய் வரலை."

"எனக்கு வந்துச்சே. செய்யலை செய்யலைன்னு எத்தனை தடவை சொன்னேன். நீ ஒரு தடவை தலையையாவது ஆட்டியிருக்கலாம்."

அவள் அழுதாள். அவர் சமாதானம் செய்யவில்லை. பையை அங்கேயே விட்டுவிட்டுப் படியிறங்கப் போனவரை அம்மா வழிமறித்தாள்.

"மாப்பிள்ளை, வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். பெத்த பிள்ளையா இருந்தா இப்படிப் பேசியிருப்பேனான்னு காலையிலேயே கேட்டுக்கிட்டேன். ஆனாலும் நிறுத்தலை. தப்பு என் மேலதான்."

"விடுங்க அத்தை" என்றார் அவர். முகம் தெளியவில்லை. ஆனாலும் ஸ்டூடியோவுக்குத்தான் கிளம்பினார், பை மாடியிலேயே இருந்தது.

அம்மா மகளின் பக்கம் வந்தாள். அடிக்கப் போகிறாளோ என்று ரிப்பேரக்காவுக்கே ஒரு கணம் தோன்றியது. அம்மா மகளின் விரலில் சுற்றியிருந்த தலைப்பை அவிழ்த்துவிட்டாள்.

"நாளையோட முடியுதுன்னு எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே? அவர் செய்யறப்போ பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். ஒரு நாளைக்கு ஒண்ணுதான் முடியும் அவரால. இருபத்தஞ்சு வருஷமா மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவ நான். எனக்கு எண்ணத் தெரியாதா?"

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்புறம் ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"நீ தாங்க மாட்டேன்னு நினைச்சேன்" என்றாள் அம்மா.

ரிப்பேரக்கா பென்டிரைவைப் பையில் போட்டாள். வாசல் வரைக்கும் வந்தவள், அங்கிருந்து ஒரு வார்த்தை மட்டும் சொன்னாள்: "எல்லாத்துக்கும் ஒரு நகல் எடுத்து வெச்சுக்கங்க."

*

வியாழக்கிழமை. காலை 6:30.

புதன்கிழமைப் போட்டியை முந்தின நாள் சாயந்திரமே போட்டு முடித்திருந்தாள் அம்மா. இன்று மேல் வரியைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். மகள் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். மாப்பிள்ளை கதவோரம் நின்றார். அவரும் மனைவியும் இன்னும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஆனாலும் எழுந்து வந்திருந்தார்.

கட்டங்கள் திறந்தன. கறுப்பும் வெள்ளையும், மூலைகளில் சின்னச் சின்ன எண்களும் இருந்தன. குறிப்புகள் வரும் இடம் காலியாக இருந்தது.

அம்மா கொஞ்ச நேரம் அந்தக் காலி இடத்தையே பார்த்தாள். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"குறிப்பே இல்லாம எப்படிம்மா போடுவே?"

"முப்பத்தொரு வருஷத்துல எதுக்குக் கோபம், எதுக்குச் சிரிப்புன்னு உங்கப்பா எனக்கு ஒரு குறிப்பாவது கொடுத்திருக்காரா? எல்லாம் நானாத்தான் கண்டுபிடிச்சேன்."

இடமிருந்து வலம், ஒன்று. நான்கு எழுத்து. 'மருந்து' என்று போட்டாள். ஒரு கட்டமும் நிறம் மாறவில்லை. அழித்துவிட்டு யோசித்தாள். 'மல்லிகை' போட்டாள். இல்லை. மாப்பிள்ளை கதவோரத்திலிருந்து, "கடிகாரம்னு போட்டுப் பாருங்க" என்றார். "அது அஞ்சு எழுத்து" என்றாள் மகள், அவர் பக்கம் திரும்பி. "சரி, அஞ்சுதான்" என்றார் அவர்.

அவர்கள் பேசுவதை அம்மா கேட்கவில்லை. அவள் விரல் விசைகளின்மேல் ஒருகணம் தயங்கியது. த என்று தட்டினாள். பச்சை. லை. பச்சை. வ. பச்சை. லி. நான்கு கட்டங்களும் பச்சையாயின.

"தலைவலி" என்று மகள் படித்தாள்.

அம்மா சிரித்தாள். கண்ணாடியைக் கழற்ற வேண்டி வரும் அளவுக்குச் சிரித்தாள்.

"என்னைத்தான் சொல்லியிருக்கார்" என்றாள்.

இன்னும் பத்தொன்பது சொற்கள் பாக்கியிருந்தன. அடுத்த கட்டத்தில் அவள் கை வைக்கவில்லை. இன்றைக்கு இது போதும் என்று கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, கடை சாவியை எடுக்கப் போனாள்.